சப்பாத்திக்கள்ளி வளர்த்த கண்டக்டர்

தொண்ணூறுகளில் வேலையில்லாமல் பாளையங்கோட்டையில் சுற்றியபோது, ஒருவேளைச் சோற்றுக்காக ஒரு பஸ் கண்டக்டர் வீட்டில் கள்ளி வெட்டப் போனேன். நாற்பது வயது, ஒட்டடைக்கம்பு உயரம். எதற்கும் "ரைட்!" என்பார். பல சம்பந்தங்கள் தட்டிப்போனவர். அன்று சாயங்காலம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். வாசலை அடைத்து நின்றது சப்பாத்திக்கள்ளி.

"அண்ணாச்சி, வேரோட பிடுங்கிருவமா?"

"ஏலே, நான் டூட்டி முடிஞ்சு வந்தா வாசல்ல நிக்கது அது ஒண்ணுதாம்லே. சேலையில மாட்டாத அளவுக்குப் பைய வெட்டு. ரைட்!"

நான் வெட்ட வெட்ட அவர் சாக்கில் அள்ளினார். வேலை முடிந்த சந்தோஷத்தில் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தும் விட்டார். அவர் துள்ளி எழுந்ததைப் பார்த்து நான் சிரித்து முடிப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. முள் எடுக்க நேரமில்லை.

"உக்காருங்க மாப்பிள்ள," என்றார் பெண்ணின் அப்பா.

"இருக்கட்டும் மாமா. பெரியவங்க முன்னால..." கண் கலங்கியிருந்தது.

காப்பி குடித்து, பூந்தி தின்று, ஊர்க்கதையெல்லாம் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மரியாதையா!" என்று பெண்ணின் அத்தை உருகிப்போனாள். நிச்சயத்துக்கு அங்கேயே நாள் குறித்தார்கள்.

அவர்கள் போனதும் பாயில் குப்புற விழுந்தார்.

"ஒண்ணு விடாம எடுத்துருலே. மணையில உக்காரணும்லா!"

முள் ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது அலறினார். அலறி முடித்ததும் சிரித்தார். அப்படிச் சந்தோஷமாக அலறிய மனிதரை நான் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் பார்க்கவில்லை.