எது முதலில் நடந்தது

ஆங்கிலத்தில் ஹேட் (had) என்றொரு சொல் இருக்கிறது. கடந்த காலத்தில் இரண்டு காரியம் நடந்திருந்தால், முந்தி நடந்ததோடு அதைச் சேர்க்க வேண்டும். பிந்தி நடந்ததற்கு ஒன்றும் வேண்டாம். பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். ஆசிரியையாக இதை நான் எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேனோ தெரியாது. சொல்லும்போது மனதில் எதுவும் ஓடுவதில்லை. ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

எனக்கு அதைச் சொல்லித்தந்தவர் ஹட்டனில் நான் தங்கிப் படித்த பள்ளியின் இங்கிலீஷ் மிஸ். விடுதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. "நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் ஹேட் தேவையில்லை. வரிசை மாறினால்தான் தேவை" என்பார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், ஆட்கள் எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்வார்கள். மழை பேஞ்சிச்சு, ஆறு பெருகிச்சு, பாலம் போச்சு. அதனால் எனக்கு இது பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. பிடிபட்ட பிறகு விடவில்லை, வாய்க்கு வந்ததையெல்லாம் ஹேட் போட்டுச் சொல்லித் திரிந்தேன்.

மிஸ்ஸிடம் இரண்டு உதாரணங்கள் உண்டு. ஒன்று, நான் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பே ரயில் போயிருந்தது. மற்றது, டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்திருந்தார். எங்களுக்கு டாக்டர் வாக்கியம்தான் பிடித்தது. அதில் ஒரு சாவு இருந்தது, ரயிலில் ஒன்றும் இல்லை.

எஸ்.எஸ்.சி. பரீட்சையில் பாஸ் பண்ணினால் டீச்சர் வேலைக்கு வழி இருந்தது. பாஸ் பண்ணாவிட்டால் மறு வாரமே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான். அம்மாவுக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. கடைசி லீவுக்குப் போயிருந்தபோது கூடைக் கயிறு அழுத்திக் காய்த்துப்போன தன் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீ பாஸ் பண்ணிட்டா ஒங்கண்ணனுக்கு மொட்டை போடுறேன்னு மாரியாயிக்கு நேந்திருக்கேன்." பக்கத்தில் இருந்த அண்ணன், "படிக்கிறது அவ, மொட்டை எனக்கா?" என்றான். அம்மா சிரித்தாள். கொஞ்சம் இருமினாள். எல்லாருக்கும் பனிக்கு வருகிற இருமல்தானே என்று நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை மிஸ் என்னை மட்டும் வகுப்பறைக்குக் கூப்பிட்டார். "பாஸ்ட் பெர்ஃபெக்ட் இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார். எனக்குத்தான் அது தண்ணீர்பட்ட பாடாயிற்றே. ஆனாலும் மிஸ் தனியாகக் கூப்பிட்டது பெருமையாக இருந்தது. ரயில் வாக்கியத்தை எழுதச் சொன்னார். எழுதினேன். டாக்டரையும் எழுதட்டுமா என்று கேட்டேன். "அது வேண்டாம்" என்றார். நான் சொல்பேச்சுக் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டுமே. கரும்பலகையில் டாக்டர் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, எப்படி என்பதுபோலத் திரும்பிச் சிரித்தேன். மிஸ் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். குளிருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்களும் செவ்வாயும் பரீட்சை. ஆங்கிலத் தாளில் நினைத்தபடியே ஹேட் வந்தது. நன்றாக எழுதினேன். செவ்வாய் மத்தியானம் மிஸ்ஸே என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கியிருந்ததால் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ் முழுக்க வெள்ளை உடுத்திய சிங்கள யாத்திரிகர்கள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஒரு அம்மா எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு, உரித்த தோடம்பழத்தில் பாதியைக் கொடுத்தார். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு ஒரு பஸ்ஸிலும் இருந்ததில்லை.

தோட்டத்துச் சந்தியில் அண்ணன் நின்றிருந்தான். மழைத் தூறலுக்குக் கம்பளியைத் தலையோடு மூடியிருந்தான். என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைக்கக் கம்பளியை இறக்கினான். மழித்த தலை. மீசையும் இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அதுக்குள்ள போட்டாச்சா? பாஸ் பண்ணின பொறகுதானே அண்ணே மொட்டை! இந்த அம்மாவுக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

அவன் பெட்டியோடு முன்னால் நடந்தான். நான் விடவில்லை. பெயிலாகிவிட்டால் முடியைத் திரும்ப ஒட்டவைப்பாளா என்று கேட்டேன். கோழி அடித்திருக்கிறாளா என்று கேட்டேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஏறுகிற இடத்தில் அவன் பெட்டியை இறக்கி வைத்தான்.

"அம்மா செத்துப் போச்சு தங்கச்சி. சனிக்கிழமை ராவு. ஞாயித்துக்கெழமை சாயந்தரமே எடுத்தாச்சு."

நான் பெட்டியைப் பார்த்தேன். அதன் மூடியில் மழைத்துளிகள் உருண்டன. கால் நனைந்து குளிர்ந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை காலையில ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தேன். மிஸ்ஸு, நாளைக்குப் பரீட்சை, ஒரு வருஷம் போயிரும், நீங்கதான் முடிவு சொல்லணும்னாங்க. நான் ஜன்னல் வழியா ஒன்னப் பார்த்தேன். போர்டுல எழுதிப்புட்டு சிரிச்ச. அம்மா இருந்தா அதத்தான் பார்க்கச் சொல்லியிருக்கும்னு நெனச்சேன். அப்படியே திரும்பிட்டேன்."

வீட்டில் எல்லாரும் அழுது முடித்திருந்தார்கள். எனக்காக இன்னொரு தடவை தொடங்கினார்கள். சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பா சுவரில் சாய்ந்தபடி, "எழுதினியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எழுதினேன் என்றேன். பிறகு பசித்தது. சோறு போட்டார்கள், சாப்பிட்டேன். படிச்ச புள்ளைக்குக் கல் நெஞ்சு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொன்னவர் மேல் கோபம்கூட வரவில்லை. மிஸ் மேல் வந்ததா, அண்ணன் மேல் வந்ததா என்று பிற்காலத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

பாஸ் பண்ணினேன். ஆங்கிலத்தில் நல்ல புள்ளி. செய்தி வந்தபோது அண்ணனுக்குத் தலைமயிர் சீப்புக்கு அடங்குகிற அளவு வளர்ந்திருந்தது. அம்மாவின் வேண்டுதலை முடிக்க வேண்டும் என்று மாரியம்மன் கோயில் முன்னால் மறுபடியும் குந்தினான். மீசையை மட்டுமாவது விடச் சொன்னேன், கேட்கவில்லை. நாவிதர் தண்ணீர் தடவிக் கத்தியை வைத்தார். மயிர் மடியில் விழ விழ, தலையைக் குனிந்தபடியே அவன் கேட்டான்:

"அன்னிக்கு போர்டுல என்ன எழுதின? அப்படிச் சிரிச்சியே."

அவனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவன் திரும்பிப் போயிருந்தான்.

"ரயிலைப் பத்தி எழுதினேன் அண்ணே. நான் ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னாடியே ரயில் போயிருச்சுன்னு."

 கத்தி காதோரத்துக்கு வந்ததால் அசையாமல் இருந்தான்.

"ரயிலு போனதுக்கா அம்புட்டுச் சிரிப்பு?" என்றான்.

"ஆமா" என்றேன்.