ஓடையில் விட்ட பதிகப் பெட்டி

பூசைக்குரிய பொருள் பழுதானால் குப்பையில் எறியாமல் ஓடும் நீரில் விடுவது எங்கள் வழக்கம். இலங்கை மலையகத்தின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் நான், பதிகங்கள் பாடும் மின்பெட்டி ஊமையானபோதும் அவ்வாறே செய்தேன். மஞ்சள் துணியில் சுற்றி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலேயுள்ள ஓடையில் திருநாமம் சொல்லி விட்டேன்.

அண்டை வீட்டில் வானொலி திருத்தும் சேவியர் அதைக் கண்டு, முழங்காலளவு நீரில் இறங்கி எடுத்துவந்தார்.

“கீழதானே ஐயா நம்ம குடிதண்ணித் தொட்டி இருக்கு? உள்ள பேட்டரி, ஈயம் எல்லாம் இருக்கு. சாமி பாட்டுப் பாடுன பெட்டின்னா வெஷம் போயிருமா?”

நஞ்சுண்டு உலகைக் காத்தவனை நாள்தோறும் பாடும் நான், அண்டையார் குடிநீரில் நஞ்சைக் கலக்கப் பார்த்தேனே என்று நாணினேன். மின்பொருள்களில் ஈயம், பாதரசம் போன்றவற்றுக்குப் பல நாடுகளில் வரம்பு விதித்திருப்பதாகவும், இப்பெட்டியில் அதற்கான குறிப்பே இல்லையென்றும் சேவியர் விளக்கினார்.

மறுநாள் பதுளை நகரில் அதை வாங்கிய கடைக்குச் சென்று, உள்ளே என்ன கலந்திருக்கிறதெனக் கேட்டேன்.

“பாட்டு நல்லா கேட்டிச்சுதானேங்க? அப்புறம் என்ன?” என்று கடைக்காரர் சிரித்தார். பழுதான பெட்டியைத் திரும்ப ஏற்கவும் மறுத்தார். விதி எங்கோ இருக்கிறது. பெட்டி மட்டும் எங்கள் மலைக்கு வந்துவிடுகிறது.

இப்போது எந்த மின்பொருளை வாங்கும்போதும், அவ்விதிக்கு உட்பட்டதா, பழுதானால் யார் ஏற்பார் என்று கேட்கிறேன். விடையில்லையேல் வாங்குவதில்லை. அந்தப் பெட்டியோ மூடிய தகர டின்னில், மழை படாத இறவாரத்தில் இன்றும் கிடக்கிறது. ஏற்கும் இடம் அறிந்த வாசகர்கள் தயைகூர்ந்து எழுதுக.