கங்கோங் விதைக்கு அனுமதி

மலேசியாவில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் கணவர், அங்கே சாப்பிட்டுப் பழகிய கங்கோங் கீரையைக் கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வயலில் போட ஆசைப்பட்டார். விதையை வரவழைக்க அரசு அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் அலைந்தேன். படிவத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். வயலின் வரைபடத்தைக் கொடுத்தால் பட்டா நகலும் வேண்டும் என்றார்கள். கடைசியாகச் சென்னை அலுவலகத்தில் ஓர் அதிகாரி, கீரையின் தாவரவியல் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இது வள்ளைக்கீரைதாங்க. உங்க ஊர் வாய்க்கால்லயே படர்ந்து கெடக்குமே.”

“இதை மொத நாளே யாராவது சொல்லியிருக்கலாமேங்க.”

“நீங்க அனுமதிதானே கேட்டீங்க.”

ஆத்திரத்தோடு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் கணவர் வாய்க்காலில் இறங்கி, ஒரு கட்டு அறுத்துவந்து பூண்டு போட்டு வதக்கினார்.

“அதே ருசிதான்,” என்றார்.

நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.