‘முடிந்தது’ என்று சொன்ன கறுப்புத் திரை

தென்காசியில் நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஸ்டுடியோவில், முதலாளியின் மச்சினன் எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராம் இருந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும். கேமரா கார்டில் உள்ளதை ஹார்ட் டிஸ்கில் ‘கல்யாணம்’ என்ற ஃபோல்டருக்குள் நகலெடுக்கும், கார்டைத் துடைக்கும், ‘முடிந்தது’ என்று சொல்லும். அந்த ஃபோல்டர் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனிடம் ஒருநாள் கேட்டேன். முன்பு சிவப்பில் எர்ரர் வந்தது, நீங்கள் எல்லாம் பயந்து போன் போட்டு என் உயிரை எடுத்தீர்கள், அதனால் அந்த எர்ரரையே தூக்கிவிட்டேன் என்றான். சென்னையில் கை நிறையச் சம்பளம் வாங்குகிற மேதாவி.

ஆயுத பூஜை அன்று முதலாளி கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார். அதோடு விட்டிருக்கலாம். பக்தி முற்றி, அந்த ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டார். பெயர் மாறினால் புரோகிராமுக்கு அது வேறு ஃபோல்டர் என்று அவருக்குத் தெரியாது. எங்களிடம் சொல்லவும் இல்லை.

அடுத்து வந்தது கடையநல்லூர் நிக்காஹ். பெண்ணின் தகப்பனாருக்கு துபாயில் லீவு கிடைக்கவில்லை. அவர் இடத்தில் அவருடைய வாப்பா, எழுந்து நடக்க முடியாத பெரியவர், உட்கார்ந்து பேத்தியைக் கட்டிக் கொடுத்தார். கேமராவை மறைக்கிறார்கள் என்று எங்கள் கேமராக்காரன் எல்லாருடைய போனையும் உள்ளே வைக்கச் சொல்லியிருந்தான். அந்தத் திமிர் அவனுக்கு எப்போதும் உண்டு. கடைக்கு வந்து கார்டைச் செருகி வரியை அடித்தான். ‘முடிந்தது’ என்று வந்தது. மறுநாள் அதே கார்டைக் கொண்டுபோய், குற்றாலத்தில் அருவிக்கு முன்னால் ஒரு புது ஜோடியைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் நான் எடிட் பண்ண உட்கார்ந்தபோதுதான் நிக்காஹ் ஹார்ட் டிஸ்கில் எங்கேயுமே இல்லை என்று தெரிந்தது. கார்டை வாங்கி என்னென்னமோ செய்து பார்த்தோம். அருவிதான் வந்தது.

அடுத்த வாரம் பெரியவர் மவுத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டது.

துபாயிலிருந்து போன் வர ஆரம்பித்தது. முழு வீடியோ வேண்டாம், வாப்பா வருகிற இடம் மட்டும் போதும் என்பார் பெண்ணின் தகப்பனார். முதலாளி தேனாகப் பேசுவார். கலர் சரி பண்ணுதோம் அண்ணாச்சி, பாட்டு சேக்குதோம் அண்ணாச்சி. போனை வைத்துவிட்டு, இப்படியே இழுத்தால் மறந்துவிடுவான் என்று சிரிப்பார். பெத்த தகப்பனை மறப்பானாமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சினனைக் கூப்பிட்டுத் திட்டினேன். பெயரை மாற்றியது உங்கள் முதலாளி, அதற்கு என் புரோகிராம் என்ன செய்யும் என்றான். பாவி, ஒரு வரி சொல்லியிருக்கலாமே அது, அந்த இடம் இல்லை என்று.

ஒருநாள் முதலாளி டீ குடிக்கப் போன நேரம் போன் அடித்தது. எடுத்தேன். மனிதர் அதே கெஞ்சலைத் தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“வீடியோ இல்ல அண்ணாச்சி. அன்னைக்கே அழிஞ்சு போச்சு. எங்க முதலாளி உங்கள ஏமாத்துதாரு.”

நன்றி சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“எங்க வாப்பா அங்கன உங்க கடையில இருக்காங்கன்னு நெனச்சுத்தாம்மா ரூம்ல படுத்து தூங்குதேன்,” என்றார். “நான் ஊருக்கு வர்ற வரைக்கும் நீங்களும் பொய் சொல்லியிருக்கக் கூடாதா?”