வாகை மரத்தைச் சுற்றிப் போன பாதை

1. பணியில் சேர்ந்த நாள்

வருவாய்த்துறையில் பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு கோப்பு எந்த மேசையில் எதற்காகத் தூங்குகிறது என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். ஓய்வுக்குப் பின் இந்தத் திறமையை ஆர்.எஸ்.புரம் வீட்டில் பயன்படுத்தப் பார்த்தேன். சமையலறை நிர்வாகம் குறித்து நான் எழுப்பிய சில வினாக்களுக்குப் பிறகு, காலையில் எங்காவது வெளியே போய் வருவது என் உடம்புக்கு நல்லது என்று மனைவி தீர்மானித்தார். அப்படித்தான் மலையடிவாரத்து வனப்பூங்காவில் தன்னார்வலர் ஆனேன்.

பூங்கா என்றதும் புல்தரையும் ஊஞ்சலும் நினைக்க வேண்டாம். கைவிடப்பட்ட கல்குவாரியையும் அதை ஒட்டிய புதர் நிலத்தையும் மறுபடி காடாக்கும் வேலை அது. எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடி. அதை வேரோடு எடுத்தால்தான் நம் மண்ணின் மரங்கள் தலையெடுக்கும். குழுவை நடத்துபவர் கவிதா, கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவர்.

"என்னோட பொறுப்புகளை எழுத்துமூலமாக் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றேன்.

அவர் ஒரு ஜோடி கையுறையையும் களைக்கொத்தையும் நீட்டினார். "இதுதானுங்க சார் ஆர்டர். அந்தப் புதர்ல போய் ஜாயின் பண்ணிக்குங்க."

அடுத்த புதரில் ரங்கசாமி இருந்தார். பம்புசெட் ஒர்க்‌ஷாப் முதலாளி. லேத் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். நான் இழுத்த செடி அசையாததைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், பேனா புடிச்ச கைங்களா? வேரு உங்களப் பாத்துச் சிரிக்குதுங்க!" என்றார். குவாரிக்கு அந்தப் பக்கம் மயில்கள் எழுந்து பறந்தன.

2. சிவப்புப் பெயிண்ட்

ஓராண்டு போயிற்று. பூங்காவுக்குள் நடைபாதை அமைக்க அரசு நிதி வந்தது. கோடை முடிவதற்குள் திறப்பு விழா என்றார்கள். பாதை ஒரு கிழட்டு வாகை மரத்தடியில் போவதாக வரைபடம். மரம் பெரும்பாலும் பட்டுப்போயிருந்தது. ஒரு கிளையில் மட்டும் பச்சை. ஒரு காலை நாங்கள் போனபோது அதன் அடிமரத்தில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. வெட்டப் போகிறார்கள்.

கவிதா என்னை இழுத்துப்போய் மரத்தின் மேற்பகுதியைக் காட்டினார். அங்கே ஒரு பொந்து. அதன் வாய் மண்ணும் எச்சமும் பூசி அடைபட்டிருந்தது. நடுவில் மெல்லிய பிளவு மட்டும்.

"சாம்பல் இருவாச்சிங்க சார். பொட்டை உள்ள இருக்குது. வாசலை அடைச்சுக்கிட்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஆண்தான் வெளிய இருந்து ஊட்டோணும்."

"வெட்ட வந்தாப் பறந்துராதுங்களா?"

"எறகை உதுத்துப்போட்டு உக்காந்திருக்குங்க. பறக்க முடியாது. மரம் சாஞ்சா தாயும் போச்சு, குஞ்சும் போச்சு."

ரங்கசாமி அடிமரத்துச் சிவப்புக் குறியைக் கையுறையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

3. கூட்டு ஆய்வு

மறுவாரம் இளம் பொறியாளர் ஒருவர், ஒப்பந்தக்காரரோடும் மின்ரம்பத்தோடும் வந்தார். வனவிலங்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கவிதா உரக்க விளக்கினார். சொன்னது அத்தனையும் சரி. பொறியாளரின் முகம் இறுகிக்கொண்டே போனது.

இளையவர்கள் குறித்துக்கொள்ளலாம். சட்டத்தைக் காட்டினால் அதிகாரிக்குக் கோபம் வரும். நடைமுறையைக் காட்டினால் யோசனை வரும். யோசிக்கிற அதிகாரியோடு பேசலாம்.

"தம்பி, மரத்துக்கு மதிப்பு போட்டாச்சுங்களா?" என்றேன்.

"பட்ட மரந்தானுங்களே சார்."

"அந்தக் கெளை பச்சையா இருக்குதே. பச்சை மரம்னா மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வாங்கோணுமே."

"வாங்கிக்கலாமுங்க."

"வாங்குங்க. குழு வந்து பாக்கும். பொந்தைப் பாத்தா வனத்துறையைக் கேக்கும். அவங்க எப்ப பதில் எழுதுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதுக்குள்ள வெட்டிப்போட்டா, யாரு சொல்லி வெட்டுனதுன்னு ஒரு விளக்கம் கேப்பாங்க. அது யாரு பேருக்கு வருமுங்க?"

பொறியாளர் ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் ரம்பத்தை வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார்" என்றார் பொறியாளர். "நாளைக்குக் கெளை முறிஞ்சு நடக்கறவங்க மேல விழுந்தா? நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

நியாயமான கேள்வி. மரம் உண்மையிலேயே ஆபத்தான நிலையில்தான் இருந்தது. "மரம் நகராதுங்க. பாதை நகரட்டுமே" என்றேன்.

"அந்தப் பக்கம் பூராம் முள்ளுங்க. மெஷின் வுட்டாத்தான் ஆகும்."

"மெஷின் சத்தத்துக்கு ஆண் பறவை வராமப் போயிருமுங்க" என்றார் கவிதா.

"கையிலயே வெட்டறமுங்க" என்றார் ரங்கசாமி. "நாங்க எதுக்கு இருக்கறம்?"

விழாவுக்கு முந்தின வாரம் வந்து பார்ப்பதாகப் பொறியாளர் சொன்னார். அதற்குள் சுற்றுப்பாதை முடியாவிட்டால் மரம் போகும். உடனடி ஆபத்து என்று எழுதி அன்றே வெட்டவும் விதியில் இடமுண்டு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

4. கல் உருண்ட நாள்

மரத்துக்கு எட்டத்தில் அரைவட்டமாகக் கயிறு கட்டி வெட்டத் தொடங்கினோம். ரங்கசாமி விடுமுறை நாட்களில் தன் ஒர்க்‌ஷாப் ஆட்களையும் அழைத்து வந்தார். சத்தம் போடக் கூடாது என்பது கவிதாவின் உத்தரவு. ரங்கசாமி கிசுகிசுத்ததே கம்ப்ரசரில் காற்றுக் கசிவதுபோல் ஊரைக் கூட்டியது. "சார்... அந்தக் கடப்பாரைய இந்தப் பக்கமாத் தள்ளுங்க..."

"அண்ணா, இதுக்கு நீங்க கத்தவே செய்யலாமுங்க" என்றார் கவிதா.

ஒரு காலை, ரங்கசாமி நெம்பிய பாறை ஒன்று கைமீறிச் சரிவில் உருண்டு குவாரிக்குள் பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. அலகில் பழத்தோடு வந்துகொண்டிருந்த ஆண் பறவை அப்படியே திரும்பிப் போயிற்று.

வேலையை நிறுத்தினோம். வெயில் ஏறியது. அது வரவில்லை. பொந்தின் பிளவில் அலகு நுனி எட்டிப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தது. கொண்டுபோன இட்லிப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

"நாந்தானுங்க அம்மணி கெடுத்துப்போட்டேன்" என்றார் ரங்கசாமி.

"வருமுங்கண்ணா. இருங்க" என்றார் கவிதா. அவருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையும் உதவாது. உட்கார்ந்திருந்தேன்.

பிற்பகலில் அது வந்தது. நேராகப் பொந்துக்குப் போகாமல் மரத்துக்கு மரம் தாவி, எங்களை நெடுநேரம் ஆய்வு செய்தது. பிறகு பட்டையைப் பற்றித் தொங்கியபடி, தொண்டையிலிருந்து ஆலம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிளவுக்குள் கொடுத்தது.

"தின்னு கண்ணு, தின்னு" என்றார் ரங்கசாமி. அது மட்டும்தான் அவர் உண்மையிலேயே கிசுகிசுத்த வாக்கியம்.

5. திறப்பு விழா

பாதை முடிந்தது. பொறியாளர் அதில் இருமுறை நடந்து பார்த்தார். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அருகே போகாதீர்கள் என்று அவரே பலகை வைத்தார்.

விழா நாளில் சிறப்பு விருந்தினர் மேளதாளத்தோடு நடந்து வந்தார். வளைவில் நின்று, "நேராப் போற பாதை இங்க மட்டும் ஏனுங்க வளையுது?" என்றார். மண்ணின் தன்மை, நீர்வடிகால் என்று நான் தயாரித்திருந்த பதிலை எடுப்பதற்குள் ரங்கசாமி முந்திக்கொண்டார்.

"அங்க ஒரு பிரசவம் நடக்குதுங்க. கொஞ்சம் சத்தமில்லாம வாங்க."

விருந்தினர் கையை உயர்த்தினார். மேளம் நின்றது. அத்தனை பேரும் அந்த அரைவட்டத்தைப் பூனை நடையில் கடந்தார்கள். அரசு விழாவில் அப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை.

நான் கற்றது இது. ஒரு வேலையை நிறுத்துவது எளிது; பணிக்காலம் முழுக்க அதைச் செவ்வனே செய்தவன் சொல்கிறேன். நிறுத்திய இடத்தில் வேறு வழி வெட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும். அதற்கு முள்ளில் கையை விட்டவர்களுக்கும், கௌரவம் பார்க்காமல் வரைபடத்தை மாற்றிய அந்தப் பொறியாளருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

சில வாரங்களில் பெண் பறவை அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. குஞ்சுகள் உள்ளேதான் இருந்தன. அன்று முதல் தாயும் தகப்பனும் மாறி மாறிப் பழம் கொண்டு வந்தார்கள். நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். இனி அங்கே எங்களுக்கு வேலை இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த புதருக்குப் போனோம்.