உள்ளறைத் திறப்பு

எங்கள் வீட்டுக் கோழி முட்டையிட்டால், அது கொக்கரித்து முடிப்பதற்குள் நான் தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். உம்மா எந்த மாமியோடு கதைப்பதில்லை, வாப்பா எந்தப் பல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிறார், எல்லாம் என் தயவில் ஊருக்கே தெரியும். இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று உம்மா சொல்லாத நாளில்லை.

நோய் வந்து பள்ளிக்கூடங்களை மூடிய வருடம் அது. பாடங்கள் ஆசிரியர்களின் போனிலிருந்து பிள்ளைகளின் போனுக்குப் போயின. எங்களிடம் இருந்ததோ பொத்தான் அமத்துகிற போன் ஒன்று. அதுவும் விடிந்தால் வாப்பாவோடு நற்பிட்டிமுனை வயலுக்குப் போய்விடும். அந்தப் போகம் வெள்ளாமையும் கைகொடுக்காததால் எழுதப் புதுக் கொப்பி என்று வாயெடுக்கவே முடியாது.

உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த, எனக்கு மூத்த ராத்தா என்னைப் பொறுப்பெடுத்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். ராத்தாவுக்கான வீடு எங்கள் வளவுக்குள்ளேயே, சுவர் பூசி, கூரை போட்டு, பெயின்ட் காணாமல் நின்றது. கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல்லால் அந்தச் சீமெந்துச் சுவரில் கீறினால் எழுத்து வெள்ளை வெளேரென்று விழும். விறாந்தையில் வரலாறு, குசினியில் விஞ்ஞானம், உள்ளறையில் கணக்கு. என் கை எட்டுகிற உயரம் வரை என் பாடம். அதற்கு மேலே, கதிரையில் ஏறி நின்று ராத்தா தன் பாடத்தை எழுதுவார். இடையில் கீழே குனிந்து, "அந்தப் பின்னம் பிழை, அழி" என்பார். அதன் பிறகு எத்தனையோ வகுப்பறைகளில் இருந்துவிட்டேன். எதிலும் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு மாப்பிள்ளைக்கு ராத்தாவைப் பேசினார்கள். பெண்ணையும் வீட்டையும் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். இனிப் படிப்புப் போதும் என்று வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். வாப்பாவை எதிர்த்து ஒரு சொல் கதைத்து ராத்தாவுக்குப் பழக்கமில்லை. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அதையும் ராத்தாவே அடித்தார். விறாந்தையில் மன்னர்கள் போனார்கள். குசினியில் வாற்பேயும் தவளையும் போயின. வேறு கொப்பி இல்லாத நான் குழறி அழுதேன்.

உள்ளறைக்கு வந்ததும் சுண்ணாம்பு முடிந்துவிட்டது என்றார் ராத்தா. வாளியில் இன்னும் கிடந்ததை நான் கண்டேன். கணக்காவது தப்பியதே என்று, என் வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் கதவு போட்டிருந்தது அந்த ஒரு அறைக்குத்தான். அதைப் பூட்டிவிட்டு, திறப்புத் தொலைந்துபோனதாகச் சொல்வோம் என்று உம்மாவோடு பேசி வைத்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுத் திறப்பை என் கையில் வைத்தார்.

"ஆருக்கும் செல்லிராத கா, விளங்கிச்சா?"

அவ்வளவு பெரிய பொறுப்பை எனக்கு யாரும் தந்ததில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் தடவிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மாவும் சாச்சியும் வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர்கள் பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள். "திறப்பு துலைஞ்சி போச்சி" என்றார் உம்மா. தொலைத்தது நான்தான் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"துலையல்ல உம்மா! எனக்கிட்டதான் இரிக்கி!"

கதவு திறந்தது. நாலு சுவரும் கூரை வரைக்கும் எழுத்து. இதெல்லாம் யார் எழுதியது என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். கேட்க வேண்டுமா? "என்ட ராத்தா. கீழ இரிக்கிற எனக்கி. மேல இரிக்கிற அவட பாடம். சோதின எழுதி கெம்பசுக்குப் போகப் போறா" என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேல்சுவரை நெடுநேரம் பார்த்தார். "மகன்ட லீவுக்குள்ள கலியாணத்த முடிக்கணும். படிக்கிற புள்ளய நாங்க ஏன் மறிக்க?" என்று உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். உம்மா வைத்த வட்டலாப்பத்தைத் தொடாமலே இருவரும் போய்விட்டார்கள்.

உம்மா தென்னை ஈர்க்கால் என் கெண்டைக்காலில் விளாசினார். வாப்பா உள்ளறைக்குள் போய்த் தனியே நின்றுவிட்டு வந்து, ஒரு தரம் சோதனை எழுதிப் பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார். ராத்தா எழுதினார். கெம்பசுக்கும் போனார்.

அன்றைய ராத்தாவின் வயது இப்போது எனக்கு. எங்கள் வீட்டில் அலுமாரி இருந்தது, அரிசிப் பானை இருந்தது, ஒரு திறப்பை ஒளித்து வைக்க நூறு இடம் இருந்தது. அதெல்லாம் எனக்கு அன்று தோன்றவில்லை. ராத்தாவின் கலியாணத்தைக் கெடுத்த பாவி நான் என்ற நினைப்பு மட்டும்தான். அன்று அந்தியில் மஃரிபு தொழுது முடித்து இருந்த ராத்தாவின் மடியில் விழுந்து, ஏன் அதை என்னிடம் தந்தீர்கள் என்று அழுதேன்.

ராத்தா என் தலையைத் தடவினார். "உன்ட வாய எனக்குத் தெரியாதா கா" என்றார்.

ஏசுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாக அழுதேன்.