லெப்பாஸ் தாங்ஙான்

பியானோவின் மூடியைத் திறந்தவுடன் அந்துருண்டை வாசம் குப்பென்று மூக்கில் ஏறும். பினாங்கின் ஈரக்காற்றுக்குப் பூச்சி புகுந்து, உள்ளே இருக்கும் கம்பளிப் பட்டைகளை அரித்துவிடும் என்று டீச்சர் அந்த உருண்டைகளைத் துணியில் முடிந்து அடியில் போட்டு வைத்திருப்பார். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமை காலைகளில் அந்த வாசத்தின் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பியானோவோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அப்பா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஆண்டு விருந்தில் மேலாளருடைய மகள் பியானோ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல், "நம்ம புள்ளையும் வாசிக்கணும்" என்று அறிவித்தார். "வாசிச்சு?" என்று கேட்டார் அம்மா. பதில் சொல்ல முடியாத ஆசைகளில்தான் அவர் மிகவும் பிடிவாதமாக இருப்பார்.

டீச்சர் சீனப் பெண்மணி. வீட்டில் ஹொக்கியன் சீனம், வெளியே ஆங்கிலம். நானோ தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, என் ஆங்கிலம் அப்போது "குட் மார்னிங்"கைத் தாண்டாது. ஆகவே எங்கள் இருவருக்கும் இடையே பாலமாக இருந்தது சந்தைக்கடை மலாய், அதாவது "பாசார் மலாய்". மீன் வாங்கப் போதுமான அந்த மொழியில்தான் எனக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கப்பட்டது.

என் சிக்கல் கையில் இருந்தது. வாசிக்க உட்கார்ந்தால் தோள்கள் காது வரைக்கும் ஏறிவிடும், மணிக்கட்டு பலகையாகிவிடும், ஒரு பக்கம் முடிவதற்குள் முழங்கைக்குக் கீழே நெருப்பாக எரியும். இப்படியே வலித்துக்கொண்டிருந்தால் பாடத்தை நிறுத்தத்தான் வேண்டும், சின்னக் கை கெட்டுப்போய்விடும் என்று டீச்சர் ஒருநாள் சொல்லிவிட்டார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்காக ஆரம்பித்த பியானோ எப்போது என் பியானோவாக மாறியது என்று தெரியவில்லை. நிறுத்திவிடக் கூடாதே என்று வலியைக் காட்டாமல் வாசித்தேன்.

கையை இறுக்கிப் பிடிப்பது ஒரு குற்றம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. எங்கள் வீட்டில் தொங்குகிற கைதான் குற்றம். "கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காதலா, ஏதாச்சும் வேலயப் பாரு" என்பது அம்மாவின் அன்றாட மந்திரம். அப்பாவோ தூங்கும்போதுகூட முஷ்டியை மடக்கியே வைத்திருப்பார். இந்த வீட்டிலிருந்து போன பிள்ளையிடம் டீச்சர் வாரந்தோறும், "லெப்பாஸ் தாங்ஙான்! லெப்பாஸ் தாங்ஙான் லா!" என்று கத்துவார். "தாங்ஙான்" கை, "லெப்பாஸ்" விடு, "லா" எங்கள் ஊர்ப் பேச்சின் வால். கையை விடு. எங்கே விடுவது?

அந்த "லெப்பாஸ்" என்னைப் பாடாய்ப் படுத்தியது. பரீட்சையில் தேறினாலும் லெப்பாஸ், சாப்பிட்ட பிறகு என்பதும் "லெப்பாஸ் மாக்கான்", அப்பா வேலை பார்க்கும் ஊரிலும் அதே லெப்பாஸ். பாயான் என்றால் கிளி என்று மலாய்ப் பாடத்தில் படித்தபோது, அப்படியானால் அது கிளி தப்பிப்போன ஊரா என்று கேட்டதற்கு, "அங்க ஒரு கிளியும் தப்பிச்சுப் போவாதும்மா, ஓவர்டைம் இருக்கு" என்றார் அப்பா. எதை விடுவதென்று நான் என் உடம்பிலேயே தேட ஆரம்பித்தேன். இறுக்கம் கையில் மட்டும் இல்லை என்பது ஆச்சரியமாக இருந்தது. கடினமான இடம் வந்தால் பல்லைக் கடிக்கிறேன். செருப்பில்லாத கால் கட்டைவிரல் தரையைப் பற்றிக்கொள்கிறது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நாக்குக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்? ஓர் இடத்தில் விட்டால் இன்னோர் இடத்தில் போய் ஒளிந்துகொண்டது.

வகுப்பு முடியும்வரை அப்பா கீழே கடைகளுக்கு முன்னால் ஓடும் "அஞ்சடி" நடைபாதையில் மோட்டார் சைக்கிளுக்குக் காவலாக நிற்பார். ஒரு சனிக்கிழமை சாரல் பலமாக அடிக்கவே மாடியேறி வந்து கதவருகே நின்றிருக்கிறார். அப்போதுதான் டீச்சர் வழக்கம்போலக் கத்தினார். அப்பாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும், அதுவே வினையாயிற்று. ஏனென்றால் முறையான மலாயில் "லெப்பாஸ் தாங்ஙான்" என்றால் கைகழுவிவிடுவது, இனி என் பொறுப்பில்லை என்று ஒதுங்கிக்கொள்வது. வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம், "டீச்சரு நம்ம புள்ளயக் கைவிட்டுட்டாங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. டீச்சர் ஏற்கெனவே சொன்னது எனக்குத் தெரியுமாகையால் நானும் நம்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஒரு சீப்பு "பீசாங் மாஸ்" வாழைப்பழத்தோடு என்னுடனேயே மேலே வந்தார். பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். "டீச்சர், தோலோங், ஜாங்ஙான் லெப்பாஸ் தாங்ஙான்" என்றார். தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள் என்று அவர் கேட்டது டீச்சருக்கு, தயவுசெய்து கையைத் தளரவிடாதீர்கள் என்று கேட்டிருக்கிறது.

"மெஸ்தி லெப்பாஸ்!" என்றார் டீச்சர் திகைத்துப்போய். விட்டே ஆக வேண்டும்! விடாவிட்டால் வலிக்கும்! அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. வீட்டில் இன்னும் அதிக நேரம் வாசிக்க வைக்கிறேன் என்று மலாயில் கெஞ்சினார். வலிக்கிற கைக்கு இன்னும் வாசிப்பா என்று டீச்சர் அலறிவிட்டார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. "அப்பா, அவங்க என்னய விடலப்பா! கையத் தளர வுடச் சொல்றாங்க!"

அப்பா என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெப்படிம்மா கைய வுடறது?" என்று அவர் கேட்டபோது அது என்னுடைய கேள்வியாகவே இருந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே அப்பாவின் கட்டியிருந்த வலது கையைப் பிரித்து, முழங்கையிலும் மணிக்கட்டிலும் ஏந்தித் தோள் உயரத்துக்குத் தூக்கினார். விடச் சொன்னார். பிறகு தன் கைகளை எடுத்துக்கொண்டார். அப்பாவின் கை அங்கேயே, காற்றில், ஆணியடித்ததுபோல நின்றது.

"சூடா லெப்பாஸ், டீச்சர்" என்றார் அப்பா, அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, மிகுந்த நேர்மையுடன். விட்டுவிட்டேன் டீச்சர்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கையை என்னிடம் கொடுத்தார். "எங்கிட்ட குடுங்கப்பா, நான் புடிச்சிக்கிறேன்" என்றேன். அப்பா கண்ணை மூடினார். முதலில் விரல்கள் சரிந்தன, பிறகு மணிக்கட்டு, பிறகு எங்கோ தோளுக்குள் ஏதோ அவிழ்ந்ததுபோல முழுக் கையும் என்மேல் இறங்கியது. அம்மாடி, என்ன கனம்! இரண்டு கையாலும் தாங்கியும் நான் தள்ளாடினேன். இத்தனை கனத்தையும் இந்த மனிதர் இதுவரை தனியாகவா தூக்கிக்கொண்டு திரிந்தார் என்று எனக்கு அழுகை வந்தது. உடனே போய்ப் பியானோவில் உட்கார்ந்து, அப்பா எனக்குக் கொடுத்ததுபோல என் கையைக் கட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். வந்த ஒலி எனக்கே புதிதாக இருந்தது. வலி போக மாதங்கள் பிடித்தன. ஆனால் பாடம் நிற்கவில்லை.

அந்த மாடி இப்போது சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதி. டீச்சர் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். பியானோ யாரிடம் போயிற்றோ தெரியாது. நான் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், மாலையில் வீட்டில் வாசிக்கிறேன், வலிப்பதில்லை. அப்பாவை மாதாமாதம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். காரிலிருந்து இறக்கும்போது கையை நீட்டினால் போதும், விடுங்கப்பா என்று சொல்லக்கூட வேண்டியதில்லை, உடனே தன் கையை முழுவதுமாக என்னிடம் கொடுத்துவிடுகிறார். அது என் ஒரு கையிலேயே அடங்கிவிடுகிறது. அந்தக் கனமெல்லாம் எங்கே போயிற்று என்று பயமாக இருக்கிறது. கொஞ்சம் இறுக்கிப் பிடிங்கப்பா என்று சொல்ல வாய் வரை வருகிறது.